வெள்ளக் காப்பீடு: ஊர் எதுவரை கையெழுத்துப் போடலாம்?

அமெரிக்காவில் வீடு வாங்கப் போனால் பாங்கிலிருந்து ஒரு காகிதம் வரும்: "நீங்கள் வாங்கும் வீடு வெள்ள அபாயப் பகுதியில் இருக்கிறது, காப்பீடு எடுத்தால்தான் கடன்." நாம் உடனே பிரீமியம் எவ்வளவு என்று பார்க்கப் போய்விடுவோம். அந்த பாலிசி நமக்குக் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதை நம் ஊர் கவுன்சில் எப்போதோ கை தூக்கி முடிவு செய்திருக்கும். அது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கவுன்சில் கூட்டத்துக்குப் போவதில்லை.

1965-இல் பெட்ஸி புயல் லூசியானாவைப் புரட்டிப் போட்டது. தனியார் கம்பெனிகள் வெள்ளத்துக்குக் காப்பீடு தருவதை அதற்கு முன்பே கைவிட்டிருந்தன. 1968-இல் வந்த தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் அடிப்படையில் ஓர் ஒப்பந்தம். வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் கண்டபடி கட்ட விடாமல் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு மத்திய அரசு காப்பீடு விற்கும். வீட்டுக் கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை. இன்று 22,000-க்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் டவுன்ஷிப்புகளும் இதில் இருக்கின்றன.

ஆக ஓர் ஊருக்கு முன்னால் இருப்பது "சேரலாமா" என்ற ஒற்றைக் கேள்வி அல்ல. சேராமலே இருக்கலாம். குறைந்தபட்ச விதிகளோடு சேரலாம். சேர்ந்து, விதிகளைக் கொஞ்சம் இறுக்கலாம். இன்னும் மேலே போய்த் தள்ளுபடித் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இவற்றுக்கு வெளியே, ஆபத்தான வீடுகளை வாங்கி இடித்துவிடும் வழியும் உண்டு. எது சரி என்பது ஆற்றின் உயரத்தைவிட ஊர் ஆபீசில் அந்த வேலையைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது என்று நான் நினைக்கிறேன்.

சேராமல் இருப்பது

இது குற்றம் இல்லை. "என் நிலத்தில் என்ன கட்டுவது என்று வாஷிங்டன் சொல்ல வேண்டாம்" என்று ஒதுங்கியிருக்கும் சிற்றூர்கள் உண்டு. வெள்ள அபாயத்தைக் காட்டும் மத்திய அரசு மேப்பில் நீலம் பூசிய இடத்தில் சோளக்காட்டைத் தவிர எதுவும் இல்லாத ஊருக்கு இதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

வீடுகள் இருந்தால் கதை வேறு. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபெமா அபாயப் பகுதியைக் குறித்துக் கொடுத்து ஓராண்டுக்குள் சேராத ஊரில், அந்தப் பகுதிக்குள் கட்டுவதற்கோ வாங்குவதற்கோ மத்திய அரசுப் பணம் வராது. மத்திய அரசு உத்தரவாதத்தோடு வரும் எஃப்.ஹெச்.ஏ., வி.ஏ. கடன் கிடையாது. முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியும் ராணுவத்திலிருந்து திரும்பியவரும் அந்தத் தெருவில் வீடு வாங்க மாட்டார்கள் என்று அர்த்தம். விற்க நினைப்பவருக்குக் கேட்பவர் குறைவார். வெள்ளம் வந்து அதிபரே பேரிடர் என்று அறிவித்தாலும், அந்தப் பகுதியில் இருக்கும் கட்டடங்களை நிரந்தரமாகச் சீரமைக்க உதவி வராது. பாங்குகள் சாதாரணக் கடன் தரத் தடையில்லை. ஆனால் இந்த விவரத்தை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதைப் படித்த பிறகு பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள்.

இதில் ஒரு சந்து இருக்கிறது. பேரிடர் அறிவித்து ஆறு மாதத்துக்குள் ஊர் திட்டத்தில் சேர்ந்தால், நிறுத்திவைத்த உதவி கிடைக்க வழி உண்டு. "அப்போது பார்த்துக்கொள்ளலாமே" என்று சொல்லும் கவுன்சில் உறுப்பினர்கள் இதைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அப்படிச் சேரும் நாளில் ஊரில் ஒருவரிடமும் பாலிசி இருக்காது என்பதை அவர்கள் சொல்வதில்லை. வெள்ள பாலிசி எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வடிந்துபோன வெள்ளத்துக்கு அது ஒரு டாலர்கூடத் தராது. அரசு உதவி என்பதும் முழு வீட்டைத் திருப்பிக் கட்டும் தொகை அல்ல.

சேருவதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. விண்ணப்பம், ஒரு தீர்மானம், வெள்ளப் பகுதிக் கட்டுமானம் பற்றிய உள்ளூர்ச் சட்டம், இவ்வளவுதான். வீடு உள்ள ஊர் வெளியே நிற்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

குறைந்தபட்ச விதிகளோடு சேருவது

பெரும்பாலான ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன. விதிகள் படிக்கச் சுலபமாக இருக்கும். வெள்ளப் பகுதியில் எது செய்தாலும் பெர்மிட் வேண்டும். "எது செய்தாலும்" என்பதில் வீடு கட்டுவது மட்டுமின்றி, பின்புறத்தில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்குவதும் அடங்கும். புது வீட்டின் மிகத் தாழ்ந்த தளம், பேஸ்மெண்ட் உட்பட, மேப் சொல்லும் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. அந்த மட்டம், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தின் உயரம். நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று கேட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். 30 வருட மார்ட்கேஜ் காலத்துக்குக் கணக்குப் போட்டால் அது 26 சதவீதம்.

ஊரைப் பிழியும் விதி இவை எதுவும் இல்லை, 50 சதவீத விதிதான். சேதமான கட்டடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அதன் சந்தை மதிப்பில் பாதியை எட்டிவிட்டால், பழைய வீட்டுக்குப் புது விதி பொருந்தாது என்ற சலுகையை அது இழக்கிறது. இன்றைய விதிப்படி உயர்த்த வேண்டும், இல்லையென்றால் இடிக்க வேண்டும். சந்தை மதிப்பில் நிலம் சேராது. நாலரை லட்சம் டாலருக்கு வாங்கிய வீடாக இருந்தாலும், நிலத்தைக் கழித்தால் கட்டடம் இரண்டு லட்சம் என்று வையுங்கள். பழுதுபார்க்க 1.1 லட்சம் என்றால் 55 சதவீதம் ஆகிவிட்டது. நண்பர்கள் வார இறுதியில் வந்து சும்மா ட்ரைவால் மாட்டிக் கொடுத்தால் செலவு குறையுமே என்று நினைப்பார்கள். அதுவும் நடக்காது. இலவச உழைப்புக்கும் தானமாக வந்த மரத்துக்கும் சந்தை விலை போட்டுத்தான் கணக்கு.

இப்போது வெள்ளம் வடிந்த மறுநாள் தெருவுக்கு வாருங்கள். நடைபாதை நெடுக நனைந்த கார்ப்பெட், ஊறிப் பிளந்த அலமாரி, கதவு திறந்து கிடக்கும் ஃப்ரிட்ஜ். வீட்டுக்காரர்கள் சுவரின் கீழ்ப்பாதியை அறுத்து வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் வாசலில் நிற்கிறார். அந்த நேரத்தில் ஊர்க் கட்டட இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போய், நீர் ஏறிய அளவைப் பார்த்து, சேதத்துக்கு ஒரு சதவீதம் எழுத வேண்டும். 48 என்று எழுதினால் அந்தக் குடும்பம் அடுத்த மாதம் வீட்டுக்குள் போகும். 52 என்று எழுதினால் வீட்டைத் தூக்க வேண்டும். பாலிசியில் அதற்கென்று தனியாகக் கிடைப்பது அதிகபட்சம் 30,000 டாலர். ஒரு வீட்டை அடித்தளத்திலிருந்து தூக்கி நிறுத்த அது காணாது. அந்த இன்ஸ்பெக்டர் அதே ஊர்க்காரர், அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை சாக்கர் கோச் அவர்தான் என்றால் என்ன எழுதுவார்?

சிறிய ஊரில் இந்த இன்ஸ்பெக்டர் பல நேரம் வாரத்துக்கு இரண்டு நாள் வருபவர். அவரே ஸோனிங் ஆபீசர், அவரே இன்னொரு ஊரிலும் அதே வேலை பார்ப்பவர். சட்டப் புத்தகத்தில் விதி இருந்தும் ஊரில் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான். ஃபெமா தணிக்கைக்கு வந்து குறை கண்டு, ஊர் திருத்திக்கொள்ளாவிட்டால் முதலில் ப்ரொபேஷன் வரும். அந்த ஊரின் ஒவ்வொரு பாலிசிக்கும் 50 டாலர் கூடுதல் கட்டணம். அதற்கும் அசையாவிட்டால் சஸ்பென்ஷன். அப்போது சேராத ஊரின் நிலைமைக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இன்னொன்று. ஊர் சேர்ந்துவிட்டால் ஊர்க்காரர்கள் பாலிசி எடுத்துவிடுவார்கள் என்பதும் இல்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப்பகுதியைக் குதறியபோது, ஆஷ்வில் நகரம் இருக்கும் பன்கம் கவுண்டியில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

விதியைக் கொஞ்சம் இறுக்குவது

மேப்பின் கோட்டை நம்பித்தான் குறைந்தபட்ச விதிகள் நிற்கின்றன. அந்தக் கோடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஹூஸ்டன் போதும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலில், அந்த நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் தண்ணீர் புகுந்த வீடுகள் 1,54,170 என்று அந்தக் கவுண்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை கணக்கிட்டது. அவற்றில் நூறாண்டு வெள்ளக் கோட்டுக்குள் இருந்தவை 48,850. ஐந்நூறாண்டுக் கோட்டுக்கும் வெளியே, "உங்களுக்குக் காப்பீடு கட்டாயமில்லை" என்று பாங்க் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில், 70,370.

இதற்கு ஊர் கையில் இருக்கும் மலிவான மருந்து ஃப்ரீபோர்டு. மேப் சொல்லும் மட்டத்துக்கு மேலே இன்னும் ஓர் அடி, இரண்டு அடி உயர்த்திக் கட்டச் சொல்வது. ஹூஸ்டன் 2018 ஏப்ரலில், ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் இரண்டு அடி என்று விதியை மாற்றியது. ஓட்டு 9-க்கு 7. வீட்டு விலை ஏறும் என்று பில்டர்கள் போர்க்கொடி தூக்கியதில் அவ்வளவு நெருக்கமாக முடிந்தது. இந்த விதி முன்பே இருந்திருந்தால், வெள்ளப் பகுதிக்குள் ஹார்வியில் சேதமான வீடுகளில் 84 சதவீதம் தப்பியிருக்கும் என்பது மாநகராட்சி முன்வைத்த ஆய்வு.

இந்த வழியின் அழகு, இதற்குத் தினசரி ஆள் தேவையில்லை என்பது. புது வீடு கட்டும்போது சர்வேயர் கையெழுத்திட்ட உயரச் சான்றிதழ் வரும். அதில் ஓர் எண்ணைப் பார்க்க வேண்டும். 50 சதவீத விதியைப் போல அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தின் முன்னால் நின்று மதிப்புப் போட வேண்டியதில்லை. செலவும் கட்டுபவர் தலையில், அதுவும் கட்டும்போது ஒரே ஒருமுறை. 2021 அக்டோபரில் தொடங்கிய புதிய பிரீமியம் முறையில் தரைத்தளம் எவ்வளவு உயரம் என்பதும் விலையை நிர்ணயிக்கிறது. எனவே உயர்த்திக் கட்டியவருக்குப் பலன் வருடா வருடம் கிடைக்கும்.

குறை என்ன? ஏற்கெனவே கட்டிய வீடுகளை இது தொடாது. காலி மனை இல்லாத பழைய ஊரில் இந்தச் சட்டம் பெரும்பாலும் அலங்காரம். மாநிலத்தையும் பாருங்கள். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் நியூஜெர்சியில், ஐடா புயலுக்குப் பிறகு 2023 ஜூலையில் மாநில அரசே ஆற்றோர வெள்ளப் பகுதிகளின் வடிவமைப்பு மட்டத்தை இரண்டு அடி கூட்டிவிட்டது. அங்கே டவுன்ஷிப் தனியாகச் சண்டை போட வேண்டிய அவசியம் குறைவு.

தள்ளுபடித் திட்டம்

குறைந்தபட்சத்துக்கு மேல் செய்யும் ஊர்களுக்கு 1990 முதல் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. சி.ஆர்.எஸ். என்பார்கள். பத்து வகுப்புகள். பத்தாம் வகுப்பு என்றால் தள்ளுபடி இல்லை. ஒவ்வொரு வகுப்பு மேலே ஏறும்போதும் ஊரில் உள்ள பாலிசிகளின் பிரீமியம் 5 சதவீதம் குறையும். முதல் வகுப்புக்கு 45 சதவீதம். 500 மதிப்பெண்ணுக்கு ஒரு வகுப்பு. திறந்தவெளியைப் பாதுகாப்பது, வடிகால்களைப் பராமரிப்பது, மக்களுக்குத் தகவல் சொல்வது, எச்சரிக்கை ஏற்பாடு என்று பலவற்றுக்கும் மதிப்பெண். கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் 2006-இல் நாட்டிலேயே முதன்முதலாக முதல் வகுப்பை எட்டியது. 1986-லும் 1995-லும் வெள்ளத்தில் அடிபட்ட ஊர் அது.

கேட்க இனிக்கிறது. பென்சிலை எடுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஊரில் 400 பாலிசி, சராசரி பிரீமியம் 1,000 டாலர். எட்டாம் வகுப்பில் 10 சதவீதத் தள்ளுபடி. ஊர்மக்களுக்கு மிச்சம் ஆண்டுக்கு 40,000 டாலர். இதில் ஊர்க் கஜானாவுக்கு ஒரு சல்லிக் காசு வராது. ஆனால் சான்றிதழ்களைக் கோப்பில் வைக்கவும், ஒவ்வொரு ஆண்டும் மறுசான்று கொடுக்கவும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் முழுச் சரிபார்ப்புக்குத் தயாராகவும் ஓர் ஆளின் நேரம் போகும். அந்தச் சம்பளம் எல்லார் வரியிலிருந்தும். மேட்டுத் தெருக்காரர் கூட்டத்தில் எழுந்து "நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். அதே ஊரில் 60 பாலிசிதான் என்றால் மிச்சம் 6,000 டாலர். அதற்காக இந்தப் பாடு தேவையில்லை. நாட்டில் ஏறத்தாழ 1,500 ஊர்கள்தான் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன என்பதற்கும், மொத்த பாலிசிகளில் 70 சதவீதம் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன என்பதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

பணம் மட்டுமே சிக்கல் என்றால் பரவாயில்லை. 2022 செப்டம்பர் 28-ஆம் தேதி இயன் புயல் ஃப்ளோரிடாவின் லீ கவுண்டிக் கரையை அழித்தது. அந்தக் கவுண்டியும் சுற்றியிருந்த ஊர்களும் 25 சதவீதத் தள்ளுபடியில் இருந்தவை. 2024 மார்ச்சில் ஃபெமா கடிதம் அனுப்பியது: வெள்ளப் பகுதியில் பெர்மிட் இல்லாத வேலைகள் நடந்திருக்கின்றன, சேதக் கணக்கைச் சரியாக வைக்கவில்லை, ஆகவே லீ கவுண்டி, கேப் கோரல், பொனீட்டா ஸ்பிரிங்ஸ், எஸ்டேரோ, ஃபோர்ட் மையர்ஸ் பீச் ஆகியவற்றின் தள்ளுபடி போகும். பெரும்பாலான ஊர்கள் ஆவணங்களைத் தேடி எடுத்துக் கொடுத்துத் தள்ளுபடியைக் காப்பாற்றிக்கொண்டன. தீவு ஊரான ஃபோர்ட் மையர்ஸ் பீச் மட்டும் அந்த நவம்பரில் ப்ரொபேஷனுக்குப் போனது. 25 சதவீதமும் போய், பாலிசிக்கு 50 டாலர் கூடுதலும் வந்து சேர்ந்தது. புயலில் எல்லாவற்றையும் இழந்த தீவுக்காரர் தலையில் இது விழுந்தது. அவர் பெர்மிட் வாங்கி ஒழுங்காகக் கட்டியவராகவும் இருந்திருக்கலாம். தள்ளுபடியும் தண்டனையும் ஊருக்கு மொத்தமாகத்தான் வரும்.

அதனால் என் தேர்வு இப்படி: வீடுகள் உள்ள எந்த ஊரும் சேர வேண்டும். சேரும்போதே, மாநிலம் செய்யாத இடத்தில், இரண்டடி ஃப்ரீபோர்டையும் சட்டத்தில் எழுதிவிட வேண்டும். சி.ஆர்.எஸ். விண்ணப்பத்தை மட்டும், இந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் வரும்வரை தள்ளிப்போடலாம். பாலிசிகள் நூறைத் தாண்டாத ஊர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கவுன்சிலில் சிலர் வரிசையை மாற்றி, தள்ளுபடியை முதலில் வாங்கிவிட்டு ஆளைப் பிறகு தேடலாம் என்பார்கள். தேர்தல் வருடத்தில் அப்படித்தான் தோன்றும்.

வாங்கி இடிப்பது

மேலே சொன்ன எதுவும், ஏற்கெனவே பள்ளத்தில் நிற்கும் தெருவைக் காப்பாற்றாது. ஓக்லஹோமாவின் துல்சா 1970-களிலேயே காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த நகரம். சேர்ந்த பிறகும் மிங்கோ ஓடைக் கரையில் வீடு கட்டுவது நிற்கவில்லை, வெள்ளமும் நிற்கவில்லை. 1984 மே மாதம் மெமோரியல் டே வார இறுதியில் ஒரே இரவு மழையில் 14 பேர் இறந்தார்கள். பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத மேயர், தண்ணீர் வடிவதற்குள்ளேயே, மூழ்கிய வீடுகளைத் திரும்பக் கட்ட விடாமல் வாங்கிவிடும் ஏற்பாட்டைத் தொடங்கினார். சுமார் 300 வீடுகளும் ஒரு மொபைல் ஹோம் பார்க்கும் அந்தச் சுற்றில் போயின. பின்னர் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இன்று துல்சா சி.ஆர்.எஸ். பட்டியலில் உச்சியில் இருக்கும் நகரங்களில் ஒன்று.

துல்சாவால் முடிந்ததற்குக் காரணம் உள்ளூர்ப் பணம். மழைநீருக்கென்று ஒரு கட்டணத்தை 1986 முதல் தண்ணீர் பில்லோடு சேர்த்து வசூலிக்கிறது. வட கரோலினாவில் சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டியும் அதே வழியில், 1999 முதல் 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களை வாங்கியிருக்கிறது. உள்ளூரில் பணம் இல்லாமல் ஃபெமா மானியத்தை மட்டும் நம்பினால், வழக்கமாகச் செலவில் 75 சதவீதம் மத்திய அரசு தரும், மீதி ஊரோ மாநிலமோ போட வேண்டும். கைக்குப் பணம் வர ஐந்து வருடம்கூட ஆகும். அதற்குள் பாதிப் பேர் வீட்டைப் பழுதுபார்த்து, யாரோ ஒரு புது ஆளுக்கு விற்றிருப்பார்கள். வாங்கிய மனையில் மறுபடி எப்போதும் கட்ட முடியாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவதால், அந்த வீட்டிலிருந்து வந்த சொத்து வரியும் ஊருக்கு நிரந்தரமாக நின்றுபோகும்.

ஐயாயிரம் பேர் உள்ள ஊர் இதைத் தனியாகச் செய்ய முயல்வதைவிடக் கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மேல். வீடுகளை வாங்க மட்டுமில்லை, வெள்ளம் வடிந்த மறுநாள் சேதக் கணக்கு எடுக்கவும். கவுண்டியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்கு அந்தத் தெருவில் யாரையும் தெரியாது. 52 என்று எழுத அவருக்குக் கை நடுங்காது.